முதுகு ஒரு பக்கம் ஒதுங்கித் தெரிகிறதா? ஸ்கோலியோசிஸ் பற்றி காரைக்குடியிலிருந்து ஒரு வழிகாட்டி

எங்கள் வீட்டில் இதை முதலில் கண்டுபிடித்தவர் என் அம்மா. ஒரு வெள்ளிக்கிழமை காலை, இரண்டாங்கட்டில் பலகையைப் போட்டு என் அண்ணன் மகளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். தலை முடிந்து முதுகுக்கு வந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார். "ஏத்தா, இங்கன வந்து கையை வச்சுப் பாரு. வலப்பக்கம் மேடா இருக்கு, இடப்பக்கம் பள்ளமா இருக்கு." வைத்துப் பார்த்தேன். தண்டெலும்பு கழுத்திலிருந்து நேராக இறங்காமல், நடு முதுகில் வலப்பக்கம் ஒதுங்கிப் போய், இடுப்புக்கு மேலே மறுபடி நடுவுக்கு வந்தது. எனக்கு அந்த வழி நன்றாகத் தெரியும். என் முதுகிலும் அதே வழிதான்.

என்னுடையதைக் கண்டுபிடித்தவர் டெய்லர். 14 வயதில் தாவணிக்கு ஜாக்கெட் அளவெடுத்தபோது, "ஒரு தோள் இறங்கியிருக்கே, ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்றார். காட்டினோம். அந்த டாக்டர் முதுகைப் பார்க்கவேயில்லை. "நேரா உக்காரச் சொல்லுங்க, சரியாப் போயிடும்" என்று அனுப்பிவிட்டார். அப்புறம் மூன்று வருஷம் எண்ணெய் போட்டு உருவினார்கள், கட்டுப் போட்டார்கள், நானும் விறைப்பாக உட்கார்ந்து பார்த்தேன். 17 வயதில் முதல் எக்ஸ்ரே எடுத்தபோது வளைவு 46 டிகிரி. வளர்த்தி நின்றிருந்தது. இப்போது எனக்கு வயது 45, வளைவு 58.

அண்ணன் மகளுக்கு 12 வயதில், 28 டிகிரியில் பிடித்துவிட்டோம். பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கும்போதே பார்த்துவிட்டால் செய்ய நிறைய இருக்கிறது. வளர்த்தி நின்றபிறகு, செய்ய இருப்பது ரொம்பக் குறைவு. இதை என் முதுகில்தான் கற்றுக்கொண்டேன். புதிதாகக் கேள்விப்பட்டு பயந்துபோயிருக்கும் வீடுகளுக்காக, என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்று எழுதுகிறேன்.

முதலில், இது என்ன?

கூன் வேறு, இது வேறு. கூன் என்பது முன்பக்கமாகக் குனிந்துபோவது. ஸ்கோலியோசிஸில் தண்டெலும்பு பக்கவாட்டில் வளையும், கூடவே முறுக்கிக்கொள்ளும். துணியைப் பிழியும்போது முறுக்குமே, அந்த மாதிரி லேசாக. அந்த முறுக்கால்தான் ஒரு பக்க விலா எலும்புகள் பின்னால் தள்ளி மேடாகத் தெரிகின்றன. எக்ஸ்ரேயில் வளைவு 10 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்பார்கள். வளரும் வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 2, 3 பேருக்கு இது உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்கு வளைவு சின்னதாகவே நின்றுவிடும்.

ஏன் வந்தது? எல்லா வீட்டிலும் முதல் கேள்வி இதுதான், அடுத்து யார் மேல் பழி போடலாம் என்பது. ஸ்கோலியோசிஸ் உள்ளவர்களில் 100க்கு 80 பேருக்குக் காரணம் தெரியாது. புத்தகப் பையால் வராது. கோணலாகப் படுத்ததால் வராது. இடுப்பில் குடம் தூக்கியதால் வராது. அப்படி வருமென்றால் எங்கள் வறண்ட சீமையில் ஒரு பெண்ணுக்கும் முதுகு நேராக இருந்திருக்காது. கர்ப்பத்தில் கிரகணத்தைப் பார்த்ததாலும் வராது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கு வர வாய்ப்பு கூடுதல், அது உண்மை. அதனால்தான் எனக்கு இருந்ததும் அண்ணன் பிள்ளைகளை அடிக்கடி பார்த்திருக்க வேண்டும். நான் பார்க்கவில்லை. அம்மாவின் கைதான் பார்த்தது.

மிச்சமுள்ளவர்களுக்குக் காரணம் உண்டு: பிறக்கும்போதே முள்ளெலும்பு பாதியாக உருவாகியிருப்பது, மூளை முடக்குவாதம், தசை நோய்கள், மார்ஃபான் போன்ற பிறவிக் கோளாறுகள். வயதானவர்களுக்கு எலும்புத் தேய்மானத்தால் வருவதும் தனி வகை. இந்தக் கட்டுரை பெரும்பாலும் 10 வயதுக்கு மேல், காரணம் தெரியாமல் வரும் வகையைப் பற்றியது.

வீட்டிலேயே பார்க்கும் முறை

செவ்வாய், வெள்ளி எண்ணெய்க் குளியல் இன்னும் இருக்கிற வீட்டுக்கு இது சுலபம். முதுகு நல்ல வெளிச்சத்தில் தெரியும்படி பிள்ளையை நிற்கவைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். தோள் இரண்டும் ஒரே மட்டமா? தோள்பட்டை எலும்பில் ஒன்று மட்டும் துருத்திக்கொண்டிருக்கிறதா? கைகளைத் தொங்கவிட்டால் இடுப்புக்கும் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஒரு பக்கம் அதிகமா? பாவாடைக் கரை ஒரு பக்கம் தூக்கித் தெரிகிறதா?

அப்புறம் குனியச் சொல்லுங்கள். பாதங்களைச் சேர்த்து, முழங்கால் மடங்காமல், உள்ளங்கைகளைச் சேர்த்துத் தொங்கவிட்டு, வாசலில் கோலம் போடக் குனிவது போல. உங்கள் கண் அவள் முதுகின் மட்டத்துக்கு வரும்படி பின்னால் உட்கார்ந்து பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மேடு எழுந்தால் டாக்டரிடம் போக வேண்டும். டாக்டர்கள் செய்வதும் இதே சோதனைதான். அவர்களிடம் ஸ்கோலியோமீட்டர் என்று, கொத்தனார் ரசமட்டம் மாதிரி உள்ளே குண்டு உருளும் சின்னக் கருவி இருக்கும். குனிந்த முதுகில் வைத்தால் எவ்வளவு சாய்வு என்று காட்டும். 5 முதல் 7 டிகிரிக்கு மேல் காட்டினால் எக்ஸ்ரே எழுதுவார்கள்.

10 வயதிலிருந்து வளர்த்தி நிற்கும்வரை 6 மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் குனியவைத்துப் பிள்ளையைக் கலவரப்படுத்தாதீர்கள். பையன்களையும் பாருங்கள். சின்ன வளைவுகள் இருபாலருக்கும் கிட்டத்தட்ட சமமாகவே வருகின்றன, பெரிதாக வளர்வதுதான் பெண்களுக்கு பல மடங்கு அதிகம்.

சில அறிகுறிகள் இருந்தால் காத்திருக்கவே கூடாது. தூக்கத்திலிருந்து எழுப்பும் முதுகுவலி, கால் மரத்துப்போவது, நடை தடுமாறுவது, மூத்திரத்தை அடக்க முடியாமல் போவது, தோலில் காப்பி நிறத் திட்டுகள் பல இருப்பது, இடுப்புக்கு நடுவே முடிக்கற்றையோ குழியோ இருப்பது, 10 வயதுக்கு முன்பே வளைவு தெரிவது, மேல் முதுகு வளைவு வலப்பக்கமாக இல்லாமல் இடப்பக்கமாகப் போவது. இவற்றில் எது இருந்தாலும் நரம்பில் கோளாறு உண்டா என்று எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். சாதாரண வகைக்கு எம்ஆர்ஐ முதல் நாளே தேவைப்படாது.

எங்கே போவது, என்ன கேட்பது

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எலும்பு டாக்டர்கள் இருக்கிறார்கள். முதல் எக்ஸ்ரே வரை அவர்களே போதும். காரைக்குடி அரசு மருத்துவமனை இருக்கிறது, சிவகங்கையில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வளைவு 20 டிகிரியைத் தாண்டினால், முதுகுத்தண்டுக்கென்றே இருக்கும் டாக்டரை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள் என்பேன். மதுரையும் திருச்சியும் நமக்கு ஏறத்தாழ ஒரே தூரம், 90 கிலோமீட்டர். மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. பெரிய ஆபரேஷன் என்று பேச்சு வந்தால் வேலூர் சிஎம்சிக்கும் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனைக்கும் போகிறவர்கள் உண்டு. சென்னைக்குப் போக விடிகாலைப் பல்லவன் ரயில் இருக்கவே இருக்கிறது.

எக்ஸ்ரேயில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். முதுகை மூன்று துண்டாக, படுக்கவைத்து எடுத்த படம் இதற்கு உதவாது. நின்றபடி, கழுத்திலிருந்து இடுப்பெலும்பு வரை ஒரே நீளப் படமாக எடுக்க வேண்டும். பின்னாலிருந்து கதிர் பாயும்படி எடுத்தால் மார்பகத்துக்குப் போகும் கதிர்வீச்சு குறையும், அதையும் சொல்லிக் கேட்கலாம். எல்லா லேபிலும் நீளப் படத்துக்கு வசதி இருக்காது. போன் பண்ணிக் கேட்டுக்கொண்டு போனால் ஒரு படமும் பணமும் மிச்சம். நாங்கள் முதலில் எடுத்த படம் வீணானது இப்படித்தான்.

படத்தைப் பார்த்து டாக்டர் இரண்டு கோடு போடுவார். வளைவின் மேலே அதிகம் சாய்ந்திருக்கும் முள்ளெலும்பின் மேல்விளிம்பை ஒட்டி ஒன்று, கீழே அதிகம் சாய்ந்ததின் அடிவிளிம்பை ஒட்டி ஒன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள கோணம்தான் காப் கோணம். இனி உங்கள் வாழ்க்கையில் அடிக்கடி கேட்கப்போகும் எண். இதை அளப்பதில் 5 டிகிரி வரை முன்னே பின்னே ஆகும். ஆகவே போன தடவை 22, இந்தத் தடவை 25 என்றதும் உட்கார்ந்து அழ வேண்டாம், அது அளவெடுத்த கையின் வித்தியாசமாகவும் இருக்கலாம். ஒரே டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்து அளந்தால்தான் வளர்ந்ததா என்று சொல்ல முடியும். படங்களைத் தேதி எழுதி ஒரே உறையில் வையுங்கள். மடிக்காதீர்கள்.

கோணத்தோடு இன்னொன்றும் கேளுங்கள்: "டாக்டர், ரிஸ்ஸர் எவ்வளவு?" இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் புது எலும்பு எவ்வளவு தூரம் மூடியிருக்கிறது என்பதை வைத்து 0 முதல் 5 வரை சொல்வார்கள். 0 என்றால் வளர்த்தி நிறைய பாக்கி, 5 என்றால் முடிந்தது. பெண் பிள்ளை வயதுக்கு வந்து எத்தனை மாதம் ஆயிற்று என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். வயதுக்கு வந்தபின் ஏறத்தாழ 2 வருஷம்தான் உயரம் கூடும், அதற்குச் சற்று முன்னால் உயரம் மளமளவென்று ஏறும் காலத்தில்தான் வளைவும் வேகமாகக் கூடும். 28 டிகிரி என்பது 12 வயதில், ரிஸ்ஸர் 0-வில் ஒரு சங்கதி. 17 வயதில், ரிஸ்ஸர் 5-இல் முற்றிலும் வேறு சங்கதி. எண்ணை மட்டும் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

டிகிரிக்குத் தக்க வைத்தியம்

25-க்குக் கீழே, வளர்த்தி பாக்கி: 4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே வருவது. வேறொன்றும் இல்லை. இந்தச் சும்மா இருப்பதுதான் குடும்பத்துக்குக் கஷ்டம். ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள்.

25 முதல் 40 வரை, வளர்த்தி பாக்கி: பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றிப் போட்டுக்கொள்ளும் கெட்டி பிளாஸ்டிக் கவசம்.

45, 50-ஐத் தாண்டியது: ஆபரேஷன் பற்றிப் பேசும் நேரம்.

வளர்த்தி முடிந்து 30-க்குள் நின்றது: பெரும்பாலும் அதற்கு மேல் போகாது. மறந்துவிட்டு வாழலாம். 50-ஐத் தாண்டியது, வளர்த்தி நின்றாலும் வருஷத்துக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் ஊர்ந்துகொண்டிருக்கும். 46-இல் நின்ற எனக்கே 28 வருஷத்தில் 12 டிகிரி கூடியிருக்கிறது, கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் உருவுதல், வர்மம், முதுகை நொடித்து விடுவது, இவை வளைவைக் குறைத்ததற்கு ஆதாரம் இல்லை. எண்ணெய் தேய்த்தால் உடம்புக்குச் சுகம், அதை நான் மறுக்கவில்லை, எனக்கு இன்னும் அம்மாதான் தேய்த்துவிடுகிறார். ஆனால் அந்த நம்பிக்கையில் ஒரு வருஷம் தள்ளிப்போனால் அந்த வருஷம் திரும்பி வராது. கும்மாயமும் உளுந்தங்களியும் அதே மாதிரி. வளரும் பெண்ணுக்கு நல்லது, கொடுங்கள். வளைவு நிமிராது.

உடற்பயிற்சியைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் கத்தரீனா ஷ்ரோத் என்ற பெண்மணி, தனக்கே ஸ்கோலியோசிஸ் இருந்ததால், வளைவின் குழிந்த பக்கத்தில் மூச்சை நிரப்பி விலா எலும்பை விரிக்கும் பயிற்சிகளை உருவாக்கினார். இன்றும் ஷ்ரோத் என்ற பெயரிலேயே சொல்லித்தருகிறார்கள். தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் பிரேஸோடு சேர்த்துச் செய்வது நல்லது. பிரேஸ் தேவைப்படும் பிள்ளைக்குப் பிரேஸை விட்டுவிட்டு இதை மட்டும் செய்யவைக்காதீர்கள். நீச்சல், யோகா, சைக்கிள், எல்லாம் உடம்புக்கு நல்லவை. வளைவை நிமிர்த்துவதாக யாராவது உத்தரவாதம் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிரேஸ்: முதல் மாதத்தைத் தாண்டுவது எப்படி

பிரேஸ் வேலை செய்கிறதா என்று ரொம்ப நாள் சந்தேகம் இருந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2013-இல் அதைத் தீர்த்துவைத்தது. பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் வளர்த்தி முடியும்போது 50 டிகிரியைத் தொடாமல் தப்பினார்கள். போடாதவர்களில் 48 சதவீதம்தான். பிரேஸுக்குள் வெப்பத்தை உணரும் சின்னக் கருவியை வைத்து, உண்மையில் எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்றும் பார்த்தார்கள். நாளைக்கு 13 மணி நேரத்துக்கு மேல் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் தப்பியிருந்தார்கள். பீரோவுக்குள் கிடக்கும் பிரேஸ் யாரையும் காப்பாற்றாது. எங்கள் டாக்டர் எழுதிக்கொடுத்தது 18 மணி நேரம்.

இதில் ஒரு தவறான எதிர்பார்ப்பையும் சொல்லிவிடுகிறேன். பிரேஸ் வளைவைக் கூடாமல் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். 28-இல் போட்டு 28-இலேயே முடிந்தால் அது வெற்றி. இது முன்கூட்டியே தெரியாவிட்டால் ஒவ்வொரு எக்ஸ்ரேயும் ஏமாற்றமாக இருக்கும்.

கடைகளில் எஸ், எம், எல் என்று விற்கும் பெல்ட் வேறு, பிரேஸ் வேறு. பிள்ளையின் உடம்பை மாவுக்கட்டில் அச்சு எடுத்தோ ஸ்கேன் செய்தோ, அக்குளிலிருந்து இடுப்பு வரை கெட்டி பிளாஸ்டிக்கில் செய்ய வேண்டும். வளைவின் மேட்டுப் பக்கத்தில் உள்ளே மெத்தை வைத்து அழுத்தம் இருக்கும், எதிர்ப்பக்கம் உடம்பு நகர இடம் இருக்கும். எங்களுக்குச் செய்துகொடுத்த முதல் பிரேஸில் எதிர்ப்பக்க இடமே இல்லை, சும்மா ஒரு குழாய் மாதிரி இருந்தது. அதனால் சொல்கிறேன், போட்ட சில வாரத்தில் பிரேஸோடு ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். அதில் வளைவு நன்றாகக் குறைந்து தெரிய வேண்டும். இரண்டாவது பிரேஸில் அவளுக்கு 28 டிகிரி 14-ஆகத் தெரிந்தது. முதலாவதில் 26. சென்னை கே.கே. நகரில் அரசுப் புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, கைகால் கருவிகள் செய்யும் இடம். காசு இடிக்கிறவர்கள் அங்கேயும் விசாரித்துப் பார்க்கலாம்.

முதல் நாளே 18 மணி நேரம் போடவைக்காதீர்கள். முதல் நாள் 2 மணி நேரம், மறுநாள் 4, இப்படி ஏற்றி இரண்டு வாரத்துக்குள் முழு நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். ராத்திரித் தூக்கம்தான் கடைசியில் பழகும். எங்கள் வீட்டில் முதல் பத்து ராத்திரி யாருமே தூங்கவில்லை.

பிரேஸை மாட்டும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்லித்தரவில்லை. காலையில் குளித்து, முதுகை ஈரமில்லாமல் துடைத்து, உடம்போடு ஒட்டும் பருத்தி பனியனைத் தையல் வெளிப்பக்கம் வரும்படித் திருப்பிப் போடுவாள். பனியனில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது, இருந்தால் மாலைக்குள் அந்த இடம் தோலில் கோடாக விழுந்திருக்கும். பிரேஸை அகட்டி உள்ளே நுழைந்து, முற்றத்தை ஒட்டிய வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கிக்கொள்வாள். வெயில் காலத்தில் அந்தக் கல்லின் சில்லிப்புக்காகவே சீக்கிரம் படுத்துவிடுவாள். படுத்த நிலையில்தான் வார்களை இறுக்க வேண்டும், நின்று இறுக்கினால் சரியாக உட்காராது. நான் முதலில் நடு வார், அப்புறம் கீழே, கடைசியில் மேலே என்று இழுப்பேன். டாக்டர் வாரில் பேனாவால் குறி போட்டுக் கொடுத்திருக்கிறார், அதுவரை வர வேண்டும். அவள் மூச்சை விட்டபின் இழுப்பேன். ஜட்டியைப் பிரேஸுக்கு மேலே போட்டுக்கொண்டால் பள்ளிக்கூடத்தில் பாத்ரூம் போக ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டாம். இந்த ஒரு யோசனையை எங்களுக்குச் சொன்னது இன்னொரு பிரேஸ் பிள்ளையின் அம்மா, ஆஸ்பத்திரி வராந்தாவில்.

தோலைத் தினமும் பாருங்கள். கழற்றியதும் அழுத்தும் இடங்கள் சிவந்திருக்கும், அது சரி. அரை மணி நேரத்தில் மறையாவிட்டாலோ, தோல் உரிந்தாலோ, கொப்புளம் வந்தாலோ பிரேஸ் செய்தவரிடம் எடுத்துப் போய்ச் சரிசெய்ய வேண்டும். புண் ஆறும்வரை போடக் கூடாது. பிரேஸுக்கு அடியில் எண்ணெய், கிரீம் எதுவும் வேண்டாம், தோல் ஊறி மெத்தென்றாகிப் புண்ணாகும். எண்ணெய்க் குளியல் நாளில் சீயக்காய் போட்டு நன்றாக எடுத்துவிட்டு, முழுக்கக் காய்ந்தபிறகுதான் பிரேஸ். சித்திரை, வைகாசியில் பனியனை நாளைக்கு மூன்று தடவை மாற்ற வேண்டிவரும், அரை டஜன் வாங்கி வையுங்கள். பிரேஸின் உட்பக்கத்தைத் தினமும் சோப்புத் தண்ணீர்த் துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காய வைக்காதீர்கள், பிளாஸ்டிக் வளைந்துபோகும்.

வயிறு அழுந்துவதால் ஒரே வேளையில் நிறையச் சாப்பிட முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை கொடுங்கள். சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் வார்களைத் தளர்த்தலாமா என்று டாக்டரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கழற்றியிருக்கும் 6 மணி நேரத்தைப் பிள்ளையே திட்டமிடட்டும். விளையாட்டு, குளியல், பி.டி. பீரியட், எல்லாம் அதற்குள். ஓடுவதை நிறுத்தாதீர்கள். ஒரு கல்யாணத்துக்குக் கானாடுகாத்தான் போயிருந்தோம். "அத்தை, பந்தி மட்டும் கழட்டிட்டு உக்காரட்டுமா?" என்று காதோடு கேட்டாள். கழற்றச் சொன்னேன். முகப்புக்குப் பக்கத்து அறையில் கழற்றி வைத்துவிட்டு வந்து இரண்டு வெள்ளைப் பணியாரம் கூடுதலாகச் சாப்பிட்டாள். அந்த ஒன்றரை மணி நேரத்தை ராத்திரி சீக்கிரம் போட்டு ஈடுகட்டினோம்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பு டீச்சரிடம் முன்பே பேசுங்கள். தரையில் சம்மணம் போட்டு உட்கார முடியாது, நாற்காலி வேண்டும். யூனிஃபார்மை ஒரு அளவு பெரிதாகத் தைத்துக்கொள்ளுங்கள். தோழிகளிடம் சொல்லலாமா என்பதை அவள் முடிவு செய்யட்டும். இவள் முதல் வாரமே பிரேஸை விரலால் தட்டிக் காட்டிவிட்டாள், அப்புறம் யாரும் கண்டுகொள்ளவில்லை. எல்லாப் பிள்ளையும் அப்படி இருக்காது. அழுதால் அழட்டும், "உன் நல்லதுக்குத்தானே" என்று அந்த நேரத்தில் பாடம் நடத்தாதீர்கள்.

பிள்ளை வளர வளர பிரேஸ் சிறிதாகும், ஏறத்தாழ வருஷத்துக்கு ஒன்று மாற்ற வேண்டியிருக்கும், செலவுக் கணக்கில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உயரம் கூடுவது நின்று, ரிஸ்ஸர் 4-ஐ எட்டியதும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துவார்கள்.

ஆபரேஷன் என்று சொன்னால்

பின்பக்கமாகத் திறந்து, முள்ளெலும்புகளில் திருகாணி போட்டு, இரண்டு உலோகத் தண்டுகளோடு இணைத்து வளைவை நிமிர்த்தி, அந்தப் பகுதி எலும்புகளை ஒன்றாகச் சேர்ந்துவிடும்படி செய்வார்கள். சேர்ந்த பகுதி அப்புறம் மடங்காது. கேட்கப் பயமாகத்தான் இருக்கும். ஆபரேஷன் நடக்கும்போதே நரம்பு சரியாக வேலை செய்கிறதா என்று கருவியால் கண்காணிப்பார்கள். கால் செயலிழக்குமோ என்பதுதான் எல்லோருடைய பயம். இந்த வயதுப் பிள்ளைகளில் நரம்புப் பாதிப்பு நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது.

டாக்டரிடம் கேட்க வேண்டியவை: எந்த எலும்பிலிருந்து எந்த எலும்பு வரை சேர்க்கிறீர்கள்? இடுப்புப் பகுதியில் எத்தனை எலும்பு மடங்க மிச்சம் இருக்கும்? நரம்புக் கண்காணிப்பு உண்டா? இந்த ஆபரேஷனை வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

மறுநாளே எழுந்து நிற்கவைப்பார்கள். ஏறத்தாழ ஒரு வாரத்தில் வீடு. பள்ளிக்கூடம் போக ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், ஓடி ஆட இன்னும் பல மாதம். நம் வீடுகளில் முன்கூட்டியே செய்ய வேண்டியது ஒன்றுண்டு: படுக்கையைத் தரையிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவது, மேல்நாட்டுக் கழிவறை ஏற்பாடு. முகப்பிலிருந்து வளவுக்கு, வளவிலிருந்து இரண்டாங்கட்டுக்கு என்று எத்தனை நிலைப்படி தாண்ட வேண்டியிருக்கிறது என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். முதல் மாதத்துக்கு முன்கட்டிலேயே ஓர் அறையை ஒழித்துக் கொடுத்துவிடுவது நல்லது.

பணத்துக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா பாருங்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு, வருஷத்துக்கு 5 லட்சம் வரை. அட்டை எடுக்கும் இடம் கலெக்டர் ஆபீஸ். செட்டிநாட்டு ஊர்கள் இரண்டு மாவட்டத்தில் சிதறிக் கிடப்பதால், உங்கள் ஊர் சிவகங்கையா புதுக்கோட்டையா என்று பார்த்துப் போங்கள். அட்டை இருந்தாலும், நீங்கள் போகும் ஆஸ்பத்திரியும் அந்த ஆபரேஷனும் பட்டியலில் உண்டா என்று அங்குள்ள காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டு உறுதி செய்தபிறகே அட்மிஷன்.

என்னைப் போல, வளைவோடேயே வாழ்பவர்களுக்கு

வளர்ந்தபிறகு தெரிந்துகொண்டவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, "அப்போதே பார்த்திருந்தால்" என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் 58 டிகிரியோடு வேலைக்குப் போகிறேன், இரண்டு பிள்ளை பெற்றேன், தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை நடக்கிறேன். பையை மட்டும் தோளில் மாட்டாமல் சாமான் வண்டியில் போட்டுவிடுவேன். வளைவு ரொம்பப் பெரிதாகி, 80 டிகிரி பக்கம் போனால்தான் மூச்சுக்குப் பொதுவாகத் தொந்தரவு. மாடி ஏறினால் முன்பைவிட மூச்சு வாங்குகிறது என்றால் அதை வயதின் மேல் போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வளைவு 50-ஐத் தாண்டியவர்கள் சில வருஷத்துக்கு ஒருமுறை படம் எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள்.

வலி எனக்கு மாலையில் வரும், குழிந்த பக்கத்தில் இல்லை, மேட்டுப் பக்கத்துக்குக் கீழே இடுப்பில். நடந்தால் குறைகிறது, நாள் முழுக்கப் படுத்தால் கூடுகிறது. முதுகுத் தசைகளுக்கும் வயிற்றுத் தசைகளுக்கும் பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சி தினமும் 20 நிமிஷம். செய்யாத வாரம் எது என்று என் இடுப்பே சொல்லிவிடும்.

பிரசவத்துக்கோ வேறு ஆபரேஷனுக்கோ போகும்போது மயக்க மருந்து டாக்டரிடம் முன்பே எக்ஸ்ரேயைக் காட்டுங்கள். முதுகில் ஊசி போட அவர்களுக்கு இடம் தேட வேண்டியிருக்கும், கடைசி நிமிஷத்தில் சொன்னால் அவர்களும் தடுமாறுவார்கள்.

கல்யாணப் பேச்சில் மறைக்கச் சொல்வார்கள். எனக்கும் சொன்னார்கள், பெண் பார்க்க வந்த அன்று அம்மா முந்தானையை இரண்டு தோளிலும் இழுத்துப் போர்த்திவிட்டார். நான் மாப்பிள்ளையிடம் தனியாகச் சொல்லிவிட்டேன், எக்ஸ்ரேயையும் காட்டினேன். அவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது வலிக்குமா?" என்று கேட்டார். எனக்கு அந்தக் கேள்வி போதுமாயிருந்தது. அண்ணன் மகள் விஷயத்தில் வீட்டில் யாரும் மறைக்கப்போவதில்லை என்று இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன். அண்ணிக்கு இன்னும் மனசில்லை.

சேலை கட்டுகிறவர்களுக்கு ஒன்று. கண்டாங்கி மாதிரி கொஞ்சம் கனமான பருத்திச் சேலை, இடுப்பின் ஏற்ற இறக்கத்தைக் காட்டாமல் விழும், நைலான் காட்டிக்கொடுத்துவிடும். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்கும்போது பழைய ஜாக்கெட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். நேரில் போய், இரண்டு தோளுக்கும் இரண்டு முதுகுப் பக்கத்துக்கும் தனித்தனியாக அளவெடுக்கச் சொல்லுங்கள். என் டெய்லர் நோட்டில் என் பெயருக்கு நேரே எல்லா அளவும் இரண்டு இரண்டாக இருக்கும். போன மாதம் அதற்குக் கீழே அண்ணன் மகளுக்கும் எழுதினார். அவளுக்கு இரண்டுக்கும் வித்தியாசம் கால் இஞ்ச்தான்.